மனைவி, தாய், பாட்டி: புனித மோனிக்கம்மாள்



ஆகஸ்டு 27-ஆம் நாள் புனித மோனிக்கம்மாளின் திருநாள். மறுநாள் அவருடைய மகன் புனித அகுஸ்தீனாரின் திருநாள். மகனுக்காகக் கண்ணீர் விட்ட தாய் என்றே நாம் மோனிக்கம்மாளை அறிந்திருக்கிறோம். அவர் மனைவியாக, மருமகளாக, பாட்டியாக வாழ்ந்ததை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விழா மலரில் அவருடைய வாழ்வை முழுமையாகச் சற்று நோக்குவோம்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில், ஏறத்தாழ கி.பி. 331-இல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறுமியாய் இருந்தபோது, வீட்டுப் பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுத்துவரப் போகையில் ஒரு வாய் சுவைத்துப் பார்த்தார். நாளடைவில் அது கிண்ணம் நிறையக் குடிக்கும் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் வேலைக்காரப் பெண் சண்டையில் அவரைக் குடிகாரி என்று ஏசினாள். வெட்கிப் போன சிறுமி அன்றே அப்பழக்கத்தை விட்டாள். புனிதர்களும் நம்மைப்போல் விழுந்து எழுந்தவர்களே.

அவருக்கு வாய்த்த கணவர் பத்ரீசியுஸ் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். அன்புள்ளவர்தான். ஆனால் முன்கோபி, மனைவிக்கு உண்மையாக நடந்தவரும் அல்லர். வேலைக்காரிகளின் கோளைக் கேட்டு மாமியாரும் மருமகளை வெறுத்தார். மோனிக்கம்மாள் எதிர்த்துப் பேசாமல், கோபம் தணிந்தபின் நயமாக எடுத்துச் சொல்லும் வழக்கத்தைக் கைக்கொண்டார். மாமியாரின் மனம் மாறியது. பத்ரீசியுசும் இறுதிக் காலத்தில் திருமுழுக்குப் பெற்று மரித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் குருவான புதிதில், கணவனிடம் அடிபட்டு வந்த ஒரு பெண்ணுக்கு மோனிக்கம்மாளை எடுத்துக்காட்டி, பொறுத்துப் போகும்படி சொல்லி அனுப்பினேன். அது தவறு. பத்ரீசியுஸ் தம் மனைவியை அடித்ததாக ஒருவரும் கேள்விப்பட்டதில்லை என்று மகனே எழுதி வைத்திருக்கிறார். அடிபடும் பெண்ணுக்கு நாம் தரவேண்டியது பாதுகாப்பு. பொறுமையைப் பற்றிய போதனை அதற்கு ஈடாகாது.

கி.பி. 354-இல் பிறந்த அகுஸ்தீன் அறிவில் சிறந்தவர். கார்த்தேஜ் நகரில் படிக்கும்போது திருமணமின்றி ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கினார். ஏறத்தாழ 372-இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இறைவன் தந்தவன் எனப் பொருள்படும் அதேயோதாத்துஸ் என்ற பெயரை அதற்கு இட்டார்கள். மோனிக்கம்மாள் விரும்பாத வழியில் பாட்டியானார்.

அத்தோடு மகன் மனிக்கேயர் என்னும் தப்பறைக் கூட்டத்தில் சேர்ந்தார். மனம் வெந்த தாய் அவரைத் தம் வீட்டில் சேர்க்கவும் மறுத்தார். பின்னர் ஒரு கனவில், தாம் நிற்கும் அதே மரச்சட்டத்தின்மேல் மகனும் நிற்கக் கண்டார். அதன்பின் மறுபடியும் மகனைப் பந்தியில் தம்மோடு அமரவிட்டார். மகனோடு வாதாடும்படி ஓர் ஆயரைக் கெஞ்சியபோது, அவர் இணங்கவில்லை. செபம் செய்து காத்திருக்கும்படியும், மகன் படித்துத் தானே தெளிவான் என்றும் கூறி அனுப்பினார்.

காத்திருப்பது எளிதாய் இல்லை. 383-இல் உரோமைக்குப் புறப்பட்ட மகன் தாயை ஏமாற்றினார். துறைமுகத்தின் அருகே புனித சிப்ரியான் ஆலயத்தில் அவர் இரவெல்லாம் செபித்திருக்க, கப்பல் போய்விட்டது. தாய் சளைக்கவில்லை. 385-இல் கடல் கடந்து மிலான் நகருக்குச் சென்றார். புயலில் கப்பலோட்டிகளுக்கே அவர் தைரியம் சொன்னார்.

மிலானில் ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகள் மகனின் மனத்தைத் திறந்தன. ஆனால் அங்கேதான் நம் மனத்தை உறுத்தும் நிகழ்ச்சியும் நடந்தது. மகனுக்கு முறையான திருமணம் செய்ய மோனிக்கம்மாள் முன்நின்று பெண் பார்த்தார். அதற்குத் தடையென, பல்லாண்டு உடன் வாழ்ந்த பெண்ணை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பிள்ளையை விட்டுப் பிரிந்தாள். அவள் பெயரைக்கூட வரலாறு நமக்குத் தரவில்லை. பேச்சு முடிந்த திருமணமும் நடக்கவில்லை. நல்ல தாயின் திட்டமும் பிறரைக் காயப்படுத்தக்கூடும். இறைவனின் வழி வேறாக இருந்தது.

386-இல் அகுஸ்தீன் மனந்திரும்பினார். மிலானுக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் அனைவரும் தங்கினர். நவம்பர் 13-இல் அவருடைய பிறந்தநாளையொட்டி, உண்மையான மகிழ்ச்சி எது என்று உரையாடினார்கள். கற்றறிந்தோர் நடுவே பாட்டியும் பேசினார், பேரனும் பேசினான். 387-இல் பாஸ்கா திருவிழிப்பு இரவில் அம்புரோசியாரின் கையால் அகுஸ்தீனாரும் அதேயோதாத்துசும் சேர்ந்தே திருமுழுக்குப் பெற்றனர். ஒரே இரவில் மோனிக்கம்மாள் மகனையும் பேரனையும் இறைவனிடம் சேர்த்தார்.

அதே ஆண்டில் ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் இறந்தார். வயது 56. கணவர் அருகில் அடக்கம் செய்யப்பட வேண்டுமென்று முன்பு இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தவர், இப்போது உடலை எங்கே வைத்தாலும் சரி என்றார். பீடத்தருகே தம்மை நினைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். அவர் உயிர் பிரிந்ததும் வாய்விட்டுக் கதறியவன் பேரன்தான். அவனும் சில ஆண்டுகளில் இளமையிலேயே இறந்தான்.

1430-இல் அவருடைய திருப்பண்டங்கள் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்றும் புனித அகுஸ்தீனார் ஆலயத்தில் உள்ளன. 1945-இல் ஓஸ்தியாவில் குழி தோண்டிய சிறுவர்கள் அவருடைய கல்லறைக் கல்வெட்டின் துண்டொன்றைக் கண்டெடுத்தார்கள்.

மகனை முதலில் தம் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய தாய், கடைசியில் தம் கல்லறையைக்கூட இறைவனின் கையில் விட்டுவிட்டார். விட்டுக்கொடுக்கக் கற்றதே அவருடைய புனிதம்.

நம் கோவிலிலும் காலைத் திருப்பலிக்கு முதல் வரிசையில் செபமாலையோடு அமரும் பாட்டிமார் இருக்கிறார்கள். தொலைவில் உழைக்கும் மக்களின் பிள்ளைகளை அவர்கள் வளர்க்கிறார்கள். கோவிலை மறந்த மகனுக்காக அவர்கள் கேட்பதை இறைவன் அறிவார். அவர்களை நாம் இருக்கும்போதே மதிப்போம். மறைந்தபின் பீடத்தருகே மறவாதிருப்போம்.

புனித மோனிக்கம்மாளே, எங்கள் குடும்பங்களுக்காக மன்றாடும்.