எதிர்த்து நின்றவரும் நண்பரே

விளையாட்டு உலகில் அழியாப் புகழ் பெற்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ், 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய இயற்பெயர் ஜேம்ஸ் கிளீவ்லாந்து ஓவன்ஸ். பிழைப்பைத் தேடி அக்குடும்பம் கிளீவ்லாந்து நகரில் குடியேறியது. பள்ளியில் சேர்ந்த சிறுவன் தன் பெயரை ஜே.சி. என்றான், ஆசிரியையின் காதில் அது ஜெஸ்ஸி என்று விழுந்தது. அப்பெயரே நிலைத்துவிட்டது.

பள்ளி முடிந்ததும் வேலைக்குச் செல்ல வேண்டிய நிலை. ஆகவே, பயிற்சியாளர் சார்லஸ் ரைலி காலையில் பள்ளி தொடங்குமுன்பே அவருக்குப் பயிற்சி அளித்தார். அந்த உழைப்பு வீண்போகவில்லை. 1935-இல் நீளம் தாண்டுதலில் 8.13 மீட்டர் தாண்டினார். அந்த உலகச் சாதனை 25 ஆண்டுகள் நிலைத்து நின்றது.

1936-இல் பெர்லினில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. தன் இனமே உயர்ந்தது என்று முழங்கிய ஹிட்லரின் ஆட்சிக்காலம் அது. நீளம் தாண்டுதலில் ஓவன்ஸை எதிர்த்து நின்றவர் ஜெர்மானிய வீரர் லுட்ஸ் லாங். ஐந்தாவது வாய்ப்பில் லாங் 7.87 மீட்டர் தாண்டி, ஓவன்ஸுக்குச் சமமாக வந்துவிட்டார். அரங்கமே ஆர்ப்பரித்தது. ஓவன்ஸ் கலங்கவில்லை. உடனே 7.94 மீட்டரும், இறுதி வாய்ப்பில் 8.06 மீட்டரும் தாண்டித் தங்கம் வென்றார். தோற்ற லாங் முகம் வாடி ஒதுங்கினாரா? இல்லை! முதல் ஆளாக வந்து ஓவன்ஸைப் பாராட்டினார். இருவரும் கைகோத்து நடந்தனர். நிறவெறி தலைவிரித்தாடிய இடத்தில் அதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

அங்கே ஓவன்ஸ் பெற்றவை நான்கு தங்கப் பதக்கங்கள். ஆயினும் தாயகத்தில் நிறவேற்றுமை அவரை விடவில்லை. பிழைப்புக்காகக் குதிரைகளோடும் ஓடிக்காட்டினார். லாங் 1943-இல், போரில் காயமுற்றுச் சிசிலித் தீவில் உயிர்நீத்தார். பின்னாளில் அவருடைய மகனை ஓவன்ஸ் சந்தித்து அன்பு பாராட்டினார். 1980 மார்ச் 31-ஆம் நாள் ஓவன்ஸ் மறைந்தார்.

அன்பு மாணவியரே! லாங் 7.87 மீட்டர் தாண்டியிராவிட்டால், ஓவன்ஸ் அன்று 8.06 மீட்டரை எட்டியிருப்பாரா? நம்மை எதிர்த்து ஓடுபவளே நம் கால்களுக்கு வேகம் தருகிறாள். அவள் பகைவி அல்லள். விளையாட்டு விழாவில் எந்த நிறக் கொடியின் கீழ் நின்றாலும், முழுமூச்சுடன் போட்டியிடுவோம்; வென்றவளின் கையை முதலில் பற்றுவோம். போட்டி வளரட்டும், பொறாமை ஒழியட்டும்!