மயிலாப்பூரில் வாழ்ந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர்: மா. கிருஷ்ணன் (1912–1996)

நம் குடியிருப்பில் கேமரா வாங்கியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறது. மழைக்காலம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாலைந்து கார்கள் வேடந்தாங்கலுக்கோ பழவேற்காட்டுக்கோ கிளம்பிவிடுகின்றன. மாலைக்குள் வாட்ஸ்ஆப் குழுவில் கூழைக்கடாவும் மீன்கொத்தியும் வந்து நிறைகின்றன. வீட்டில் இருப்பவர்களும் அவற்றைப் பார்த்து மகிழ்கிறோம். இதே ஆர்வத்தோடு, இதே சென்னையில் இருந்துகொண்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காட்டையும் காட்டுயிர்களையும் படமெடுத்தும் எழுதியும் வந்தவர் மா. கிருஷ்ணன். இளைய தலைமுறையில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள் என்பதால் இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

எழுத்தாளர் வீட்டுப் பிள்ளை

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை அ. மாதவையா. தமிழின் முதல் தலைமுறை நாவல்களில் ஒன்றான ‘பத்மாவதி சரித்திர’த்தை எழுதியவர். அவருடைய எட்டுக் குழந்தைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி. உப்பு, ஆப்காரித் துறையில் அதிகாரியாக இருந்த மாதவையா, முன்கூட்டியே ஓய்வு பெற்று, சென்னையில் சொந்த அச்சகம் வைத்து ‘பஞ்சாமிர்தம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். 1925இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய கையோடு அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

குடும்பம் மயிலாப்பூரில் வசித்தது. இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்ட் எலியட்ஸ் சாலைப் பகுதி அப்போது புதர்க்காடாகக் கிடந்தது. நரிகள் உலவின, வெளிமான்களைக்கூடப் பார்க்க முடிந்தது. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தான். இன்று அதே சாலையில் மேம்பாலத்தின் கீழ் சிக்னலுக்காகக் காத்திருக்கும் நமக்கு இதை நம்புவது கடினம். ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் ஓர் ஊர் எவ்வளவு மாறிவிடுகிறது என்பதை அவர் கண்ணெதிரே பார்த்தார். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றில் தென்படும் கவலைக்கு இதுவும் ஒரு காரணம்.

பூக்களிலிருந்து தொடங்கிய பயிற்சி

1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் கற்பித்தவர் பி.எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் உயரப் பகுதித் தாவரங்களைப் பற்றிய நூலை எழுதியவர். கிருஷ்ணன் அவரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் களப்பயணம் போனார். ஃபைசனின் மனைவி தாவரங்களை வரைவதில் தேர்ந்தவர். அவரிடமிருந்து நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார்.

காட்டுக்குள் அவருடைய முதல் பயிற்சி கேமராவோடு நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு செடியை வரைய வேண்டுமானால் அதன் இலை எந்த அடுக்கில் வருகிறது, எத்தனை இதழ், பூக்காம்பு எங்கிருந்து கிளைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். பார்க்காததை வரைய முடியாது. இப்படிப் பழகிய கண்தான் பின்னாளில் லென்ஸுக்குப் பின்னால் இருந்தது.

படிப்பில் அவர் பெரிய மதிப்பெண் எடுத்தவர் அல்லர். முதுகலையும் பிறகு சட்டமும் படித்தும் நல்ல வேலை அமையவில்லை. எழுதியும் படம் வரைந்தும் காலம் தள்ளினார். 1937இல் இந்துமதியை மணந்தார்.

சந்தூர் ஆண்டுகள்

1942இல் பெல்லாரிக்கு அருகே இருந்த சந்தூர் என்ற சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலர் என்று ஏழெட்டு ஆண்டுகளில் பல பொறுப்புகளை வகித்தார். அலுவல் நேரம் போக மீதி நேரமெல்லாம் மலைச்சரிவுகளில் கழிந்தது. ஆடு மேய்த்தார். கடிதம் கொண்டுபோவதற்காகப் புறாக்களை வளர்த்தார். அந்த அரச குடும்பத்தில் பிறந்து கர்நாடக அரசியலில் அமைச்சராக இருந்த எம்.ஒய். கோர்படேயும் பின்னாளில் கருப்பு வெள்ளைக் காட்டுயிர்ப் படங்களுக்காகப் பெயர் பெற்றார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

1949இல் சந்தூர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னை திரும்பினார். அப்போது வயது 37. இனி யாரிடமும் வேலைக்குப் போவதில்லை, எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டும் வைத்துப் பிழைப்பது என்று முடிவெடுத்தார். காட்டுயிர்களைப் பற்றி எழுதிச் சம்பாதிக்கலாம் என்று இன்றைக்குச் சொன்னாலே வீட்டில் கவலைப்படுவார்கள். 1949இல் அது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். மயிலாப்பூர் வீட்டில் வசதிகள் குறைவு. ஆனால் எந்தத் துறைக்கும் அதிகாரிக்கும் பணிய வேண்டியதில்லை. காடுகளின் நிலைமை பற்றிப் பட்டதைப் பட்டபடி சொல்லும் சுதந்திரம் அவருக்கு அப்படித்தான் கிடைத்தது.

நாற்பத்தாறு ஆண்டுப் பத்தி

1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 46 ஆண்டுகள் எழுதினார். யானையும் புலியும் மட்டுமே அதில் இடம்பெற்றன என்று நினைத்துவிட வேண்டாம். காகம், அணில், தேரை, பல்லி, வீட்டுக்கூரையில் தங்கும் பறவை என்று நம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் உயிர்களும் அங்கே சமமாக இடம்பிடித்தன. தோட்டத்தில் நடப்பதையும் காட்டில் நடப்பதையும் அவர் ஒரே அக்கறையோடு பார்த்தார்.

ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கினாலும் தமிழை விடவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன. பதிப்பித்தவர் சு. தியடோர் பாஸ்கரன். ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ இன்னொரு தொகுப்பு. ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். சங்க இலக்கியத்தில் வரும் விலங்குகளிலும் பறவைகளிலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு.

சூப்பர் பொண்டெரோசா

இனி நம் புகைப்பட நண்பர்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் விஷயம்: அவருடைய கேமரா. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், இன்னொரு நிறுவனத்தின் தொலைநோக்கு லென்ஸ், வேறெங்கிருந்தோ வாங்கிய உதிரிப் பாகங்கள் எல்லாவற்றையும் தானே பொருத்திச் செய்துகொண்ட ஒரு கனத்த கருவி. அதன் எடையைக் கேலி செய்து அவரே வைத்த பெயர்தான் ‘சூப்பர் பொண்டெரோசா’. இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி எழுதிய எட்வர்ட் ஜீ இந்தக் கருவியைப் பார்த்து வியந்து வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

அவர் எடுத்தவை கருப்பு வெள்ளைப் படங்கள். அன்றைய நிலைமையைப் புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். 35 மி.மீ. ஃபிலிம் சுருளில் 36 படங்கள்தான் எடுக்கலாம். அகலமான 120 வகைச் சுருளில் சதுரப் படமென்றால் 12 மட்டுமே. தானாகக் குவியம் பிடிக்கும் வசதி இல்லை. ஃபிலிமின் உணர்திறன் குறைவு என்பதால் அடர்ந்த காட்டு நிழலில் ஷட்டர் வேகத்தைக் கூட்ட முடியாது. விலங்கு சற்று அசைந்தாலும் படம் கலங்கிவிடும். ஃபிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை படம் வந்திருக்கிறதா என்றே தெரியாது. இன்று ஒரு மீன்கொத்தி பாய்வதற்குள் விநாடிக்கு இருபது படம் எடுத்து, வீட்டுக்கு வந்து நல்லதைத் தேர்ந்துகொள்கிறோம். அவர் தேர்வைக் காட்டிலேயே, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே செய்தாக வேண்டியிருந்தது. அந்த விலங்கு அடுத்த கணம் என்ன செய்யும் என்று தெரிந்தவருக்குத்தான் அது சாத்தியம்.

முதுமலை அவருக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. நடந்தும், வனத்துறையின் பழக்கப்பட்ட யானைகள் மேல் அமர்ந்தும் காட்டு யானைக் கூட்டங்களை நெருங்கிப் படமெடுத்தார். மரத்தடியில் மணிக்கணக்காகக் காத்திருப்பது அவருக்கு அலுத்ததில்லை. அவர் படங்களில் விலங்கு மட்டும் தனியே தெரியாது. அது நிற்கும் புல்வெளி, பின்னாலுள்ள மூங்கில், மேலே கவிந்த மரம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். அடிப்படையில் அவர் தாவரவியல் மாணவர் அல்லவா! விலங்கை அதன் இடத்திலிருந்து பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியாது. காட்டுயிர்ப் படம், நிலக்காட்சிப் படம் என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுவது அவர் படங்களுக்குப் பொருந்தாது.

கணக்கெடுப்பும் கண்டிப்பும்

1968இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு நல்கை கிடைத்தது. அதைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகளைப் பற்றி விரிவாகக் கள ஆய்வு செய்தார். 1959 முதல் 1970 வரையிலான இந்தியக் காட்டுயிர்களின் நிலையைப் பதிவுசெய்யும் அவருடைய நூலை 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் வெளியிட்டது. அதில் அவருடைய படங்கள் ஆய்வின் ஒரு பகுதியாகவே நிற்கின்றன. எந்த ஆண்டில், எந்தக் காட்டில், எந்த விலங்கு எப்படி வாழ்ந்தது என்பதற்கு அவை சாட்சி.

இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் நீண்டகாலம் உறுப்பினராக இருந்தார். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்த குழுவிலும் இடம்பெற்றார். அழகுக்காக வெளிநாட்டு மரங்களை நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். நாட்டு மரம் இருந்தால்தான் அதை நம்பியிருக்கும் நாட்டுப் பூச்சியும் பறவையும் இருக்கும் என்பது அவர் வாதம். இன்று எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் இந்தக் கருத்தை அவர் சொன்னபோது கேட்டவர்கள் மிகச் சிலரே. பத்மஸ்ரீ விருதும், 1995இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருதும் வந்தன.

1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை அவர் காலமானார். அவருடைய கடைசிப் பத்தி அன்றைய ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில்தான் வெளியாகியிருந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு படமெடுக்கப் போகும் குழு நம்முடையது. கிருஷ்ணனின் வாழ்க்கையிலிருந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்று உண்டென்றால் அது இதுதான்: முதலில் உயிரைத் தெரிந்துகொள்ள வேண்டும், படம் அதற்குப் பிறகு.

இது வெறும் நல்லுபதேசம் அல்ல. கூட்டில் இருக்கும் நாரையை நெருங்கினால் தாய் பறந்துவிடும். அது திரும்பி வருவதற்குள் காகம் முட்டையைத் தூக்கிப் போய்விடும். அல்லது வெயிலில் குஞ்சு வாடிப்போகும். நமக்குக் கிடைப்பது ஒரு படம், அதற்கு விலை கொடுப்பது ஒரு குடும்பம். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அறிந்தவர்கள். அங்கே போகும் நாம் அவர்களைவிடச் சத்தமாக நடந்துகொள்வது முறையல்ல.

ஆகவே அடுத்த பயணத்திலிருந்து சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்ததும் முதல் அரைமணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டுச் சும்மா பார்க்கலாம். கூடுகளையும் குஞ்சுகளையும் அருகில் போய்ப் படமெடுப்பதைத் தவிர்க்கலாம். பறக்கும் காட்சி வேண்டும் என்று கைதட்டுவதும் கல்லெறிவதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. குழுவில் படம் போடும்போது பறவையின் பெயர், இடம், தேதி, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி சேர்த்துப் போட்டால் பத்து ஆண்டுகள் கழித்து அது நம் பகுதியின் பதிவாகவே ஆகிவிடும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

காரெடுத்துக்கொண்டு போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. நம் பி பிளாக் பின்புறமுள்ள வேப்பமரத்திலும் புங்கமரத்திலும் காலை ஆறு முதல் ஏழுவரை நடப்பதைப் பார்க்கப் பால்கனி போதும். கிருஷ்ணன் தம் பத்தியில் பாதியை அப்படித்தானே எழுதியிருப்பார்!

‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலின் இரண்டு பிரதிகளைச் சங்க நூலகத்துக்கு வாங்கியிருக்கிறோம். வேண்டுவோர் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தந்துவிட்டால் அடுத்தவருக்கும் கிடைக்கும்.