அவசரகால அதிகாரி அஸீஸ்

கடந்த தவணையில் எங்கள் பாடசாலையின் பதில் அதிபர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சரவணை பெரிய ஊரல்ல, பாடசாலையும் சிறியது. ஆனாலும் காலையில் பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கைத்தொலைபேசியில் பத்துப் பன்னிரண்டு செய்திகள் வந்துவிடும். வரவு விபரம் ஒன்பது மணிக்கு முன் வேண்டும். மதிய உணவுக் கணக்கு உடனே வேண்டும். நேற்று அனுப்பிய படிவத்தை இன்று வேறு மாதிரியில் மறுபடி அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் ஓடி ஓடிப் பதில் போட்டேன். அந்த ஓட்டத்தில், தரம் ஒன்பதில் படிக்கும் பிள்ளை ஒருத்தி பன்னிரண்டு நாளாக வரவில்லை என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். நான் தினமும் அனுப்பிய வரவு விபரத்தில்தான் அவள் இருந்தாள், ஓர் எண்ணாக.

அதை அறிந்த அன்று, வீடு திரும்பும் வழியில் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்.

அவர் எங்கள் ஊரவர். 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தகப்பனார் புரொக்டர் அபூபக்கர். வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் பிறகு யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இந்துப் பாடசாலையில் தமிழ் படித்த முஸ்லிம் பிள்ளை அவர். இந்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் முஸ்லிம் ரீச்சர் நான். இதில் எனக்கொரு சின்னச் சந்தோஷம் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் அவரை நான் ஒழுங்காக அறிந்தது யாழ்ப்பாணத்தில் அல்ல. 1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கே கூடப் படித்த கல்முனைத் தோழியின் வீட்டில்தான் பெரியவர்கள் அஸீஸ் துரையைப் பற்றிக் கதைக்கக் கேட்டேன். யாழ்ப்பாணத்து மனிதரைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கல்முனையார் சொல்லித்தர வேண்டியிருந்தது.

1935இல் அவர் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவானார். அந்தச் சேவையில் நுழைந்த முதலாவது முஸ்லிம் அவரே. அன்றைய இலங்கையில் மிக உயர்வாக மதிக்கப்பட்ட உத்தியோகங்களில் அது ஒன்று.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அதற்கு முந்திய மாதமே ரங்கூன் வீழ்ந்து, பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. வெளியிலிருந்து வரும் அரிசியை நம்பியிருந்த நாடு திகைத்தது. உணவு விளைவிக்க அவசரகால உதவி அரசாங்க அதிபர்கள் நியமிக்கப்பட்டார்கள். அஸீஸ் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். வயது முப்பது. காட்டை வெட்டிக் கழனியாக்க வேண்டும், காணி பங்கிட வேண்டும், தண்ணீர் போக வேண்டும், விளைந்த நெல் அரசாங்கத்துக்கு வந்து சேர வேண்டும். எல்லாம் யுத்த வேகத்தில். எங்கள் வட்ஸ்அப் அவசரங்களை அதற்குப் பக்கத்தில் வைக்கவே வெட்கமாக இருக்கிறது.

அந்த வேலையை அவர் நன்றாகவே செய்தார். விவசாயிகள் அவரை மறக்கவில்லை என்பதற்குத் தோழியின் வீட்டுப் பேச்சே எனக்குச் சாட்சி. என்னை நிறுத்தியது வேறொன்று. வயல் வயலாக அலைந்தவரின் கண், வரம்பில் நின்ற பிள்ளைகள் மேலும் விழுந்தது. பெருநாட்டை ஊட்டுகிற மக்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு எட்டவில்லை. நெல் அவருக்கு இடப்பட்ட வேலை. பள்ளிக்கூடம் யாரும் இடாத வேலை. அதே 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாக முன்னின்றார். பக்கத்துக் காரைதீவில் பிறந்து, கிழக்கில் பாடசாலைகளைக் கட்டியெழுப்பிய சுவாமி விபுலானந்தரின் நட்பும் அவருக்கு அக்காலத்தில் வாய்த்தது. அது அவரில் ஆழமாகப் பதிந்தது.

உத்தியோகத்தில் இடமாற்றம் வரும், கோப்பு மாறும், மேசை மாறும். கல்முனையை விட்டுப் போனதும் கல்முனையின் கவலையையும் விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். அவர் அதைக் கையோடு கொண்டு போனார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை நிறுவினார். வசதியில்லாத பிள்ளைகள் உயர்கல்வி கற்க அது கை கொடுத்தது. 1948இல் சிவில் சேவையையே விட்டு விலகி, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். ரி.பி. ஜாயா அவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்த கதிரை அது. அரசாங்கத்தின் மேல்மாடியிலிருந்து ஒருவர் தாமாக இறங்கிப் பாடசாலை அதிபராக வருவதை இன்று யாராவது செய்வார்களா? எனக்குத் தெரிந்து இல்லை.

1961 வரை ஸாஹிராவில் இருந்தார். இடையில் 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை, 1952இலிருந்து செனட் சபை. இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதிபர், செனட்டர், பேரவைத் தலைவர் என்று இத்தனை தொப்பிகளைப் போட்ட ஒருவரை ஒருமுகமானவர் என்று சொல்லலாமா? பத்து நாள் பதில் அதிபராக இருந்து களைத்த எனக்கு அந்தக் கேள்வி வராமல் போகாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாத் தொப்பியும் ஒரே தலையில்தான் இருந்தது. செனட்டிலும் பேரவையிலும் அவர் பேசியதில் கல்வியும் மொழியுமே பெரும்பகுதி. 1956இல் தனிச் சிங்களக் கொள்கையை ஐக்கிய தேசியக் கட்சி ஏற்றபோது கட்சியையே துறந்தார். தமிழில் படித்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

1963இல் வெளிவந்த ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற நூலுக்கு சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1973 நவம்பர் 24இல் காலமானார். வயது 62.

அடுத்த நாள் காலை முதல் பாடம் முடிந்ததும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். பனை வேலிக்குப் பின்னால் சின்ன வீடு. தாய் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில். தம்பியைப் பார்க்க வேறு ஆளில்லை. அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். நான் திண்ணையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது கைப்பைக்குள் தொலைபேசி ஐந்து தரம் அடித்து நின்றது. அன்றைய வரவு விபரம் பன்னிரண்டு மணிக்குத்தான் போனது. அதற்கு ஏச்சும் கிடைத்தது.

திங்கட்கிழமை அவள் வந்தாள், தம்பியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு. அவனுக்கு இன்னும் பாடசாலை வயதாகவில்லை. முதலாம் தர வகுப்பின் பின்வாங்கில் இருந்து சித்திரம் கீறுகிறான்.