குழந்தை மனத்தை அறிய முயன்ற மருத்துவர்: லியோ கானர்

உடலுக்கு நோய் வந்தால் மருத்துவரை நாடுகின்ற நாம், உள்ளத்திற்கு நோய் வந்தால் அதனை ஊரறியாமல் மறைக்கவே முயல்கிறோம். அந்நோய் குழந்தைக்கு நேர்ந்துவிட்டாலோ, வளர்த்த முறை சரியில்லை என்னும் பழி பெற்றோர்மீது, சிறப்பாகத் தாயின்மீது விழுந்துவிடுகிறது. இப்பழிக்கு அறிவியலின் பெயரால் ஒரு காலத்தில் வலிமை சேர்ந்தது. அவ்வலிமை சேர்ந்ததிலும் பின்னர்க் குறைந்ததிலும் பங்கு கொண்டவர் ஒரே மருத்துவர். குழந்தை மனநல மருத்துவத்தின் முன்னோடியாகிய லியோ கானரே அவர்.

அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் அடங்கியிருந்து இன்று உக்ரைன் நாட்டில் உள்ள கிளெகோட்டூவ் என்னும் சிற்றூரில், 1894ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் கானர் பிறந்தார். கவிஞராக வேண்டும் என்பதே அவருடைய இளமை வேட்கை. முதல் உலகப் போரில் படைப்பணி ஆற்றியபின், 1921இல் பெர்லினில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1924இல் அமெரிக்கா சென்று, தெற்கு டகோட்டா மாநிலத்தின் யாங்க்டன் நகரிலிருந்த அரசு மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். மனநல மருத்துவத்தை அவர் பெரிதும் அங்கே தம் சொந்த முயற்சியாலேயே கற்றார்.

1928இல் அடால்ஃப் மேயரின் கீழ்ப் பணியாற்றப் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். 1930இல் அங்குக் குழந்தைகளுக்கெனத் தனி மனநலப் பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கப்பெற்றது. 1935இல் அவர் வெளியிட்ட குழந்தை மனநல மருத்துவ நூல், அத்துறையில் ஆங்கிலத்தில் எழுந்த முதல் பாடநூலாகும். குழந்தை என்பது சிறிய அளவிலான பெரியவர் அன்று. அதன் மனத்துக்கெனத் தனி வளர்ச்சியும் தனித் துயரமும் உண்டு என்பதை மருத்துவ உலகம் உணர இந்நூல் துணைநின்றது.

கானரின் அக்கறை மருத்துவமனையோடு நின்றுவிடவில்லை. மனவளர்ச்சி குன்றியோருக்கான ரோஸ்வுட் காப்பகம் பால்டிமோருக்கு அருகில் இருந்தது. வழக்கறிஞர் சிலர் அங்கிருந்த பெண்களை நீதிமன்ற ஆணை பெற்று வெளிக்கொணர்ந்து, செல்வர் இல்லங்களில் வேலைக்காரிகளாக அமர்த்தினர். அவ்வாறு சென்றோருள் பலர் பின்னர்க் கைவிடப்பட்டுச் சீரழிந்ததைக் கானர் தேடிக் கண்டறிந்து, 1937இல் மருத்துவர் பேரவையில் வெளிப்படுத்தினார். கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளைக் கொன்றுவிடலாம் என ஃபாஸ்டர் கென்னடி என்னும் நரம்பியல் அறிஞர் 1942இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதியபோது, அதே இதழில் அதனை மறுத்தவரும் கானரே. அறிவுத்திறனின் அளவைக்கொண்டு உயிரின் மதிப்பை அளத்தல் தகாது என்பது அவர் கொள்கை.

1938இல் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் அழைத்துவரப்பட்டான். மகனின் இயல்புகளைத் தந்தை 33 பக்கங்களில் முன்னரே எழுதி அனுப்பியிருந்தார். அக்குறிப்பைக் கானர் பொறுமையோடு ஆராய்ந்தார். பின்னர் வந்த பிற குழந்தைகளிடமும் ஒத்த கூறுகளைக் கண்டார். எட்டுச் சிறுவரும் மூன்று சிறுமியருமாகப் பதினொரு குழந்தைகளைப் பற்றி 1943இல் அவர் எழுதிய கட்டுரையே ஆட்டிசம் என்னும் குறைபாட்டைத் தனித்த ஒன்றாக உலகறியச் செய்தது. பிறரோடு ஒட்டாத தனிமை, எதுவும் மாறாதிருக்க வேண்டும் என்னும் பிடிவாதம், கேட்ட சொற்களையே திருப்பிச் சொல்லுதல் ஆகியவற்றை அதில் விளக்கினார். சோவியத் மருத்துவர் குரூன்யா சுகாரெவா 1920களிலேயே இத்தகைய சிறுவரை விவரித்திருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இக்குறைபாடு பிறவியிலேயே அமைவது எனக் கானர் அக்கட்டுரையில் கருதினார். ஆயினும் அப்பெற்றோரிடம் பாசத்தின் வெம்மை குறைவு என்றும் குறித்திருந்தார். 1949இல் எழுதியபோது, அக்குழந்தைகள் உறைபெட்டியில் வைக்கப்பட்டவர் போல் வளர்ந்ததாக உவமித்தார். தாயரை அச்சுறுத்தும் அறிவுரைகளிலிருந்து காக்கவென்று 1941இல் நூல் எழுதியவரே இவ்வாறு கூறியது வியப்பிற்குரியது. அவ்வுவமை பின்னர்ப் பிறர் கைகளில் கொடிய குற்றச்சாட்டாக வளர்ந்தது. எத்தனையோ தாயர் தம் மகவின் நிலைக்குத் தாமே காரணமென்று நம்பிக் கண்ணீர் வடித்தனர்.

1969இல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் கானர் பேசினார். தம் கருத்துத் திரித்துக் கூறப்பட்டதென உரைத்து, பெற்றோரைப் பழியினின்று விடுவிப்பதாக அறிவித்தார். அவர்தம் எழுத்துகளைப் படிப்போர் அவ்விளக்கத்தை முழுதும் ஏற்க இயலாது. அவருக்கும் இதில் பங்குண்டு. எனினும் எழுபத்தைந்து வயதில், தம் சொல்லால் நொந்தோர் முன்னரே நின்று அவர்தம் சுமையை இறக்கினாரே, அதனையும் நாம் போற்ற வேண்டும். 1977இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கை உணர்த்தியது. கானர் 1981இல் மறைந்தார்.

கற்றோர் சொல்லும் ஒரு சொல் இல்லங்களுக்குள் எத்தகைய துயரை விளைவிக்கும் என்பதற்கு இவ்வாழ்வு சான்று. ஆசிரியராகவும் பெற்றோராகவும் நாளை விளங்கவிருக்கும் மாணவச் செல்வங்களே! வகுப்பின் ஓரத்தில் ஒட்டாது அமர்ந்திருக்கும் குழந்தையைக் காணும்போது, யார் குற்றம் என்று வினவாமல், இக்குழந்தைக்கு என்ன தேவை என்று வினவுவோம். கானரின் சிறப்பிலிருந்தும் பிழையிலிருந்தும் நாம் பெறத்தக்க பாடம் இதுவே.