பத்தொன்பது ஏக்கரும் ஒரு விறாந்தையும்: ஜேம்ஸ் டெய்லரின் வாழ்வு சொல்லும் பாடம்

நாளாந்தம் காலையில் நாம் அருந்தும் தேநீர் இந்நாட்டுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்று கேட்டால், பாடசாலை மாணவன்கூட ஜேம்ஸ் டெய்லரின் பெயரைக் கூறிவிடுவான். 1867 ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டார் என்பதுடன் அந்த விடை முடிந்துவிடும். ஆனால், ஓர் எண்ணம் உற்பத்திப் பொருளாகி, அந்தப் பொருள் சந்தையை அடைந்து, நாடொன்றின் பொருளாதாரத்தையே தாங்கும் தூணாக மாறுவதற்கு எத்தனை படிகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பதை நாம் சிந்திப்பது குறைவு. புதிய தொழில் முயற்சிகள் பற்றி அதிகம் பேசப்படும் இக்காலத்தில் அந்த மனிதரின் வாழ்வைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகின்றோம்.

டெய்லர் 1835 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்சயர் பகுதியில் பிறந்தவர். தந்தை வண்டிச் சக்கரங்கள் செய்யும் தச்சுத் தொழிலாளி. சிறுவயதிலேயே தாயை இழந்த அவர், பதினாறு வயதில் கோப்பித் தோட்டமொன்றில் உதவியாளராகப் பணிபுரிய ஒப்பந்தம் செய்துகொண்டு, 1852 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பில் வந்திறங்கினார். கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட பகுதியிலுள்ள லூல்கந்துர அவருடைய வாழ்விடமாயிற்று. அதன் பின்னர் நாற்பது ஆண்டுகள், அதாவது தம் இறுதி நாள்வரை, அவர் தாயகம் திரும்பவேயில்லை.

அன்று இலங்கை என்றால் கோப்பி என்ற நிலையே காணப்பட்டது. மலைச் சரிவுகளில் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. வங்கிகள் கோப்பியை நம்பிக் கடன் வழங்கின. வீதிகளும் புகையிரதப் பாதையும் கோப்பியைக் கொழும்புக்குக் கொண்டுசெல்வதற்காகவே அமைக்கப்பட்டன. இவ்வாறு ஒரு பயிர் கொழித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை. லூல்கந்துர தோட்டமோ அந்தக் காலத்திலேயே வேறு பயிர்களைப் பரீட்சித்துப் பார்த்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனைத் தரும் சிங்கோனா மரத்தை முதலில் பயிரிட்டு வெற்றி கண்டவர்களுள் டெய்லரும் ஒருவர். அதனை அடுத்தே அவரது கவனம் தேயிலையின் பக்கம் திரும்பியது.

இங்கு ஓர் உண்மையை மறக்கலாகாது. இலங்கையில் தேயிலை வளர்க்கலாம் என்ற எண்ணம் டெய்லருக்கு மட்டும் தோன்றியதன்று. 1839 ஆம் ஆண்டிலேயே பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குத் தேயிலை விதைகள் வந்து சேர்ந்திருந்தன. 1841 ஆம் ஆண்டில் புசல்லாவையில் உள்ள றொத்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலையை நட்டு, தூளும் தயாரித்துப் பார்த்தனர். ஆனால், அதற்கான செலவு கட்டுப்படியாகாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆகவே, குறைபாடு எண்ணத்தில் இருக்கவில்லை. அந்த எண்ணத்தைக் கட்டுப்படியான விலையில், ஒரே தரத்தில், திரும்பத் திரும்பச் செய்துகாட்டும் வழிமுறையே இல்லாதிருந்தது. டெய்லரின் சாதனை அந்த வழிமுறையைக் கண்டதிலேயே தங்கியிருக்கின்றது.

அவர் நடந்துகொண்ட ஒழுங்கை நோக்குவோம். முதலில் பேராதனையிலிருந்து பெற்ற விதைகளைத் தோட்டத்து வீதியோரங்களில் நட்டுப் பார்த்தார். மண்ணும் காலநிலையும் ஏற்றவை என்று கண்ட பின்னரே 1867 இல் அஸாம் இனத் தேயிலையை 19 ஏக்கரில் பயிரிட்டார். தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. தோற்றால் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவிலேயே பரீட்சித்தார். கொழுந்து கிடைத்ததும் தம் பங்களா விறாந்தையையே தொழிற்சாலையாக்கினார். வாடவைத்த கொழுந்து அங்கு மேசைகளின் மீது கைகளால் உருட்டப்பட்டது. நொதித்த பின்னர் களிமண் அடுப்புகளில் கரித்தணலின் மேல் உலர்த்தப்பட்டது. எவ்வளவு நேரம் வாட்டுவது, எந்த அளவில் உருட்டுவது, எப்போது தணலுக்கு எடுப்பது என்பனவெல்லாம் பிழைவிட்டுத் திருத்திக் கற்றுக்கொள்ளப்பட்டவை. அறிந்தவர்களிடம் கேட்பதற்கும் அவர் கூச்சப்படவில்லை. இந்தியத் தேயிலைத் தோட்டங்களில் அனுபவம் பெற்றவர்களின் ஆலோசனையை நாடினார். தம் நீண்ட சேவைக்காலத்தில் அவர் பெற்றதாகக் கூறப்படும் ஒரேயொரு விடுமுறையையும் 1874 ஆம் ஆண்டு டார்ஜிலிங் சென்று தேயிலையைப் பற்றிக் கற்பதிலேயே செலவிட்டார்.

அடுத்த படி சந்தையாகும். எடுத்த எடுப்பில் இலண்டனுக்கு அனுப்பிவிடாமல், 1870 களின் தொடக்கத்தில் கண்டியிலேயே தம் தூளை விற்றார். அருகில் இருப்பவர்கள் குடித்துப் பார்த்து விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பது உறுதியான பின்னரே உற்பத்தி விரிவாக்கப்பட்டது. 1872 ஆம் ஆண்டளவில் தனியானதொரு தொழிற்சாலையும், கொழுந்து உருட்டுவதற்கு அவரே உருவாக்கிய இயந்திரமும் லூல்கந்துரவில் இயங்கலாயின. 1873 ஆம் ஆண்டில் 23 இறாத்தல் தேயிலை இலண்டனைச் சென்றடைந்தது. ஒரு மனிதன் தோளில் சுமந்துசெல்லக்கூடிய பொதிதான் அது. ஆயினும், அதற்குப் பின்னால் ஆறு ஆண்டுகாலப் பொறுமை இருந்தது.

இதற்கிடையில் 1869 ஆம் ஆண்டு கோப்பிச் செடிகளின் இலைகளில் மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றலாயின. ஒருவகைப் பங்கசினால் உண்டான இந்த நோயைத் தொடக்கத்தில் பலரும் பாரதூரமாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால் இழப்பு வெளியே தெரியவில்லை. மேலும் புதிய நிலங்களில் கோப்பியே நடப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தத் தொழில் முற்றாகச் சரிந்தது. தோட்டச் சொந்தக்காரர்கள் கடனாளிகளானார்கள். கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஒறியன்டல் வங்கி 1884 ஆம் ஆண்டு மூடப்பட்டது. மாற்றாகக் கருதப்பட்ட சிங்கோனாவும் அளவுக்கதிகமாகப் பயிரிடப்பட்டு, விலை வீழ்ந்து கைவிட்டது. அந்த வேளையில் எஞ்சியிருந்தது லூல்கந்துரவின் அனுபவமே. வேறு தோட்டங்களிலிருந்து பலர் வந்து பார்த்துச் சென்றனர். டெய்லர் தாம் கற்றதை ஒளித்து வைக்கவில்லை.

நோய் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தேயிலை நடப்பட்டிருந்தது என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பழையது சரிந்த பின்னர் புதியதைத் தேடப் புறப்பட்டிருந்தால், அதனைக் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைத்திராது. வருவாய் நன்றாக இருக்கும் காலத்திலேயே அதில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி அடுத்ததைப் பரீட்சித்துப் பார்ப்பதுதான் எந்தத் தொழிலுக்கும் உண்மையான காப்புறுதி. தனிமனிதருக்கு மட்டுமன்றி நாடுகளுக்கும் இது பொருந்தும்.

அதன் பின்னரான வளர்ச்சி வியப்புக்குரியது. 1875 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 1,000 ஏக்கராக இருந்த தேயிலை, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 4 இலட்சம் ஏக்கரை நெருங்கியது. 1880 இல் சுமார் 80 தொன்னாக இருந்த உற்பத்தி 1890 இல் ஏறத்தாழ 23,000 தொன்னை எட்டியது. 1883 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. பொருள் மாத்திரம் இருந்தால் போதாது, அதற்குத் தரம் பார்ப்போரும் விலை நிர்ணயிக்கும் ஒழுங்கும் வேண்டும் என்பதை அந்த ஏலம் உணர்த்தியது. 1890 ஆம் ஆண்டு தோமஸ் லிப்டன் இலங்கை வந்து தம்பத்தென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான மளிகைக் கடைகளை வைத்திருந்த அவர், இடைத்தரகர்களைத் தவிர்த்து, தேயிலையைச் சிறு பொதிகளாக்கி, தம் பெயரைப் பொறித்து, சாதாரண தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் விற்றார். அவர் பெரும் செல்வந்தரானார். அவருடைய பெயர் உலகெங்கும் பரவியது.

டெய்லருக்குக் கிடைத்தது என்ன? 1891 ஆம் ஆண்டு தோட்டத்துரைமார் நன்கொடை சேர்த்து அவருக்கு வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களைப் பரிசளித்தனர். மறு ஆண்டே, தோட்டத்தைத் தன்வசம் வைத்திருந்த நிறுவனம் அவரைப் பதவி விலகிச் செல்லுமாறு கூறியது. அவர் அதற்கு இணங்கவில்லை. நோய்வாய்ப்பட்ட அவர் 1892 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் திகதி, தமது 57 ஆவது வயதில் லூல்கந்துரவிலேயே காலமானார். பருத்த உடலமைப்புக் கொண்ட அவரது பூதவுடலைத் தோட்டத் தொழிலாளர் 24 பேர் இரு குழுக்களாகப் பிரிந்து, மாறிமாறித் தோளில் சுமந்து கண்டிவரை நடந்து சென்றனர். மகியாவை மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தொழிலாளர்கள் அவரைச் சாமித்துரை என்று அழைத்ததாகக் கூறப்படுகின்றது. ஒப்பந்தம் எழுதிய நிறுவனம் கைவிட்ட மனிதரைத் தோளில் தாங்கியவர்கள், எந்த ஆவணத்திலும் பெயர் பதியப்படாத எமது மக்கள்.

அந்த மக்களைப் பற்றிக் கூறாமல் இந்த வரலாற்றை முடிக்க முடியாது. கோப்பி பருவகாலப் பயிர். அறுவடைக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்கள், வழியில் நோய்க்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பிச் சென்றனர். தேயிலை அவ்வாறானதன்று. ஏழு, பத்து நாட்களுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்பட வேண்டும். ஆகவே, குடும்பம் குடும்பமாக மக்கள் லயன் அறைகளில் நிரந்தரமாகக் குடியமர்த்தப்பட்டனர். மலையகச் சமூகம் இந்நாட்டில் வேரூன்றியதற்கு அந்தப் பயிரின் தன்மையே பிரதான காரணம். விறாந்தை மேசையில் கொழுந்தை உருட்டிய கைகளும் அவர்களுடையவையே. இருந்தும் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சிய நாடற்றோரின் பிரச்சினைக்குத் தீர்வு காணும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021 ஆம் ஆண்டிலேதான் வர்த்தமானியில் இடம்பெற்றது.

புதிய பொருளொன்றை உருவாக்க விரும்பும் இளைஞர்களுக்கு டெய்லரின் வாழ்வு நல்ல வழிகாட்டி என்றே நாம் நம்புகின்றோம். சிறிதாகத் தொடங்குதல், பிழைகளிலிருந்து கற்றல், அயலவரிடம் விற்றுப் பார்த்தல், தரம் உறுதியான பின்னர் விரிவாக்குதல், நல்ல காலத்திலேயே அடுத்த காலத்துக்கு ஆயத்தமாதல் ஆகிய ஐந்தையும் அவரிடமிருந்து கற்கலாம். யாழ்ப்பாணத்தில் பழச்சாறு தயாரிப்பவருக்கும், அக்கரைப்பற்றில் அரிசி ஆலை நடத்துபவருக்கும், ஹட்டனில் தையல் நிலையம் தொடங்க எண்ணும் பெண்ணுக்கும் இவை பொதுவானவை.

ஆயினும், அதே வாழ்வு ஓர் எச்சரிக்கையையும் விட்டுச் சென்றிருக்கின்றது. எண்ணம் முதல் சந்தை வரையிலான பாதையில் ஒவ்வொரு படியிலும் ஒருவருடைய உழைப்பு உண்டு. இறுதிப் படியில் நிற்பவரின் பெயரே பொதியில் அச்சாகின்றது. ஆதாயமும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகின்றது. செய்முறையைக் கண்டவர் வேலையிழந்து மடிந்தார். கொழுந்தைப் பறித்தவர் நாடிழந்து நின்றார். ஒரு பொருள் வெற்றி பெற்றதா என்பதை ஏற்றுமதிக் கணக்கை மட்டும் வைத்து அளவிடாமல், அதனை உருவாக்கிய கைகளுக்கு என்ன சேர்ந்தது என்பதையும் சேர்த்தே அளவிட வேண்டும். அந்தக் கணக்கு இன்னமும் தீர்க்கப்படவில்லை என்பதை, அடுத்த கோப்பைத் தேநீரைக் கையில் எடுக்கும்போதாவது நாம் நினைவிற் கொள்வோமாக.