சாத்திரத்தில் வழி தேடியவர்

கல்லூரித் தெருவில் பழைய புத்தகக் கடைகளைத் துழாவிவிட்டுத் திரும்பும்போதெல்லாம், சமஸ்கிருதக் கல்லூரி வாயிலில் என் கால் சற்றுத் தயங்கும். குடும்பச் சட்டத்தை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவன் நான். அதே துறையில் தனி மனிதராக உழைத்த ஈசுவர சந்திர வித்தியாசாகரர் முதல்வராக வீற்றிருந்த இடம் அது.

வங்கத்தில் பீர்சிங்கா என்னும் சிற்றூரில், 1820 செப்டம்பர் 26-ஆம் நாள், ஏழை அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். கல்கத்தாவுக்கு நடந்து வரும் வழியில் மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றார் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வித்தியாசாகரர் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று; 1839-ல் இந்து சட்டக் குழுவின் தேர்வில் தேறியபோது வந்த பட்டம். 1851-ல் கல்லூரி முதல்வரானார். அந்தணரும் வைத்தியரும் மட்டுமே பயின்ற அக்கல்லூரியின் கதவை முதலில் காயஸ்தருக்கும், பிறகு மற்ற இந்துக்களுக்கும் திறந்தார்.

விதவை மணம் ஆகாது என்றவர்கள் சாத்திரத்தைக் காட்டினார்கள். அவரும் சாத்திரத்தையே தேடினார். நூலைக் காட்டினாலன்றிக் கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். இரவு பகலாக ஏடுகளைப் புரட்டியவருக்குப் பராசர ஸ்மிருதியில் ஒரு சுலோகம் கை கொடுத்தது. கணவன் காணாமற்போனாலும், இறந்தாலும், துறவு பூண்டாலும், ஆண்மையற்றவனாயினும், நெறி தவறிச் சாதி இழந்தாலும் பெண் வேறு கணவனை அடையலாம் என்பது அதன் கருத்து. பராசரமோ கலியுகத்துக்கென்றே அமைந்த நூல். இவ்விரண்டையும் இணைத்து 1855 சனவரியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அச்சுலோகம் முந்தைய யுகங்களுக்கு உரியது என்று மாதவாசாரியரின் உரையை எடுத்துக்காட்டிப் பண்டிதர்கள் மறுத்தார்கள். அக்டோபரில் இரண்டாம் நூல் எழுதி, மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாக விடை கூறினார்.

அரசுக்கு அவர் தரப்பில் போன விண்ணப்பத்தில் 987 கையொப்பங்கள். ராதாகாந்த தேவர் தலைமையில் எதிர்த்தவர்களுக்கோ 30,000-க்கு மேல்! ஆயினும் 1856 சூலையில் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 7-ஆம் நாள் கல்கத்தாவில் முதல் திருமணத்தைத் தாமே முன்னின்று நடத்தினார். பின்வந்த மணங்களுக்கும் செலவிட்டுப் பெருங்கடனில் ஆழ்ந்தார்.

அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு எனக்கு உறுத்துகிறது. மறுமணம் செய்தவள், தான் இறந்துபோனவள் போல, முதற்கணவன் சொத்தை இழப்பாள் என்கிறது அது. கணவனோ சொத்தோ, ஒன்றுதான் கிடைக்கும். என் பாட்டியின் அத்தை பதினான்கு வயதில் தாலி இழந்தவர். எண்பது வயது வரை வெள்ளைச் சேலையிலேயே இருந்தார். இப்படி ஒரு சட்டம் இருந்ததே அவருக்குத் தெரியாது என்று பாட்டி சொல்லுவார்.

பலதார மணத்தை எதிர்த்தபோது அவர் கையாண்ட முறை இக்கால ஆராய்ச்சியாளரும் வியக்கத்தக்கது. குலீன அந்தணர்கள் ஊர் ஊராகச் சென்று மணந்துகொண்டு, மனைவியரைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிடுவது அன்றைய வழக்கம். சாத்திரத்தோடு நில்லாமல், ஊக்ளி மாவட்டத்தில் யார், எந்த ஊர், வயது என்ன, எத்தனை மணம் என்று கணக்கெடுத்து, 1871-ல் அட்டவணையாகவே அச்சிட்டார். 55 வயதில் 80 மணம் புரிந்தவர் ஒருவர் அதில் இருக்கிறார். ஆனால் 1857-ன் கலகத்துக்குப் பின் அரசு சமய வழக்கங்களில் கைவைக்க அஞ்சியது. முன்னரே, 1866-ல் அமைத்த குழுவில் அவரும் உறுப்பினர். சட்டம் வேண்டாம் என்று பெரும்பான்மையோர் கூற, இவர் மாறுபட்டுக் குறிப்பு எழுதினார். சென்னை மாகாணம் 1949-லும் நாடு முழுவதும் 1955-லும்தான் இந்துக்களுக்கு இருதார மணம் தடை செய்யப்பட்டது.

1891 சூலை 29-ல் மறைந்தார். 1870-ல் தம் ஒரே மகன் ஒரு விதவையை மணந்தபோது பெருமிதம் கொண்டவர், 1875-ல் எழுதிய உயிலில் அதே மகனை வாரிசுரிமையினின்று விலக்கிவிட்டார். உதவித்தொகை பெறவேண்டியவர்கள் என்று அவ்வுயிலில் அவர் குறித்திருக்கும் பட்டியல் மிக நீண்டது.