மரியாதையின் விலை ஓர் உயிரா? – தியாகி இம்மானுவேல் சேகரன்



பேரவை மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று கேட்டார்கள். காந்தி, காமராசர், கலாம் என்று ஜூனியர்கள் பங்கு போட்டுக்கொண்டு விட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது இம்மானுவேல் சேகரன்.

காரணம் இருக்கிறது. நான் செம்பாக்கத்துக்காரன். எங்கள் தெருவில் பாதிப் பேர் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மெப்ஸ் கம்பெனிகளில் வேலை கிடைத்து, மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்கள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போது, அந்தக் காலத்துல ஒரு மரியாதை இருந்துச்சுப்பா, இப்ப எங்க இருக்கு என்று பெருமூச்சு விடுவார்கள். அந்த மரியாதை யார் யாருக்குக் கொடுத்தது? கொடுக்காதவர் கதி என்ன ஆச்சு? இதைத் தேடிப் படித்தபோதுதான் இம்மானுவேல் யார் என்பது எனக்கு முழுசாகப் புரிந்தது.

ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் பக்கம் செல்லூர் என்ற கிராமம். அங்கே 1924 அக்டோபர் 9-ல், தேவேந்திரகுல வேளாளர் குடும்பத்தில் பிறந்தார் இம்மானுவேல். தந்தை வேதநாயகம் பள்ளி ஆசிரியர். வீட்டிலேயே படிப்பு இருந்தது. ஆனால் வீட்டுக்கு வெளியே?

1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் சிலர் கூடி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் மட்டும்தான். பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பூச் சூடக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது; செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் நாசமானது, ஆடு மாடுகள் கொள்ளை போயின. அது போதாதென்று 1931 ஜூனில் கட்டளைகளைப் பதினொன்றாக்கினார்கள். அதில் ஒன்று, இவர்கள் பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது. மிராசுதாரின் மாடு மேய்க்க மட்டும்தான் போக வேண்டும். இன்னொன்று, காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு வரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். 

அப்போது இம்மானுவேலுக்கு வயது ஆறு.

நண்பர்களே, ஒரு நிமிஷம் யோசியுங்கள். நம்ம ஒர்க்‌ஷாப்பிலும் கட்டுப்பாடு உண்டு. ஷூ போடாமல் உள்ளே நுழைய முடியாது. லேத் மெஷின் பக்கத்தில் தொளதொள சட்டையோடு நிற்க முடியாது. ஆனால் அந்த விதி எனக்கும் உண்டு, இன்ஸ்ட்ரக்டர் சாருக்கும் உண்டு. என் கால் நசுங்காமல் இருக்கத்தான் அந்த விதி. ராமநாதபுரத்துக் கட்டளைகளோ போட்டவனைக் கட்டுப்படுத்தவில்லை; அடுத்தவன் காலில் செருப்பே இருக்கக் கூடாது என்றன. அவற்றுக்குப் பேர் ஊர் வழக்கம், ஒழுக்கம், கட்டுப்பாடு. உள்ளே இருந்தது என்ன? மலிவான கூலி. அவ்வளவுதான்!

இம்மானுவேல் வளர்ந்தார். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். கிட்டத்தட்ட நம்ம ஃபர்ஸ்ட் இயர், செகண்ட் இயர் பசங்க வயசு! பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே அவர் பார்த்த மரியாதை வேறு மாதிரி. சல்யூட் பதவிக்குத்தான், பிறப்புக்கு இல்லை. அடித்தவனுக்கு அதிகாரியும் திருப்பி சல்யூட் அடித்தாக வேண்டும்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. கிராமம் கிராமமாகப் போய் மக்களைத் திரட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொன்னார், தீண்டாமையை எதிர்த்தார். தேவேந்திரகுல வேளாளர்களின் தலைவர்களில் ஒருவரானார். காங்கிரசிலும் சேர்ந்தார். நாட்டின் சட்டம் அவர் பக்கம் இருந்தது. அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-ல் அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் ஊர் வழக்கம் சட்டப் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

1957 வந்தது. முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். அதையொட்டிப் பல கிராமங்களில் மறவர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் மோதல். செப்டம்பர் 10-ஆம் தேதி மாவட்ட கலெக்டர் பணிக்கர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். அந்த வட்டாரத்தின் பெரும் தலைவரான முத்துராமலிங்கத் தேவரும் வந்திருந்தார், இம்மானுவேலும் வந்திருந்தார். கூட்டத்தில் இம்மானுவேல் சரிசமமாக உட்கார்ந்தார், சரிசமமாகப் பேசினார். தலைவர் வந்தபோது எழுந்து நிற்கவில்லை என்பது பெருங்குற்றமாக ஊரெல்லாம் பேசப்பட்டது.

மறுநாள் செப்டம்பர் 11, பாரதியார் நினைவு நாள். எமனேசுவரத்தில் நடந்த பாரதி விழாவில் பேசிவிட்டுப் பரமக்குடிக்குத் திரும்பினார் இம்மானுவேல். அன்று இரவு பரமக்குடியில் ஒரு கும்பல் அவரை வெட்டிக் கொன்றது. சாதி வேண்டாம் என்று பாடிய கவிஞனின் விழாவில் பேசிய அன்றைக்கே, சாதியின் கையால் சாவு. வயது முப்பத்துமூன்றுகூட நிரம்பவில்லை.

அதோடு முடிந்ததா? பெரும் கலவரம் மூண்டது. நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். ஏராளமான குடிசைகள் எரிந்தன. கீழத்தூவலில் செப்டம்பர் 14-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மறவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். கொலை வழக்கில் தேவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. 1959-ல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சாதிப் பெருமையை யார் பேசினாலும், செத்ததும் அழுததும் இரண்டு பக்கத்து ஏழை வீடுகளில்தான்.

இது நம்ம ஊர்க்கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் கறுப்பர்களுக்கு இப்படி எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. வெள்ளையர் எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றணும், நடைபாதையை விட்டு இறங்கணும். 1955-ல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினாலு வயதுப் பையனைக் கொன்றார்கள். வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்பதுதான் சொன்ன காரணம். கொன்றவர்களை அங்கே ஜூரி விடுதலை செய்தது. எங்கே பார்த்தாலும் ஒரே சூத்திரம்தான். முதலில் ஒரு மரபு. அதை மீறினவன் ஒழுக்கம் கெட்டவன் என்று ஒரு பட்டம். அப்புறம் அவனை அடிப்பது குற்றமே இல்லை, தண்டனைதான் என்று ஒரு தீர்ப்பு. ஆயுதத்தைத் தூக்குவதற்கு முன்னாலேயே மனசாட்சிக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது!

அந்தக் காலம் போயாச்சு என்கிறீர்களா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டத் தடை வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது. கயிறு கட்டினவனைக் கேட்டால், எங்க வழக்கம் ப்ரோ, இதுல என்ன தப்பு என்பான். 1930-லும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

இம்மானுவேல் சேகரனுக்கு 2010-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்துகிறார்கள். 2011-ல் அதே நாளில் அங்கே நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீண்டும் உயிர்கள் போயின. அந்த மண் இன்னும் காயவில்லை.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் ஷிப்டுக்குப் போகப் போகிறவர்கள் நாம். ஒரே ரூமில் நாலு மாவட்டத்துக்காரன் சேர்ந்துதான் சமைச்சுச் சாப்பிடப் போகிறோம். மரபைப் பற்றி யாராவது பெருமை பேசினால் ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்கள். இந்த விதி சொல்கிறவனுக்கும் உண்டா? மீறினால் அடி யார் மேல் விழும்? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அந்த மரபு யாருக்காக என்பது தெரிந்துபோகும்.

பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்போம், மனசார நிற்போம். ஆனால் உட்கார்ந்திருக்கும் ஒருவனை அடித்து எழுப்பும் கூட்டத்தில் ஒருபோதும் நிற்க மாட்டோம்.

– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், செம்பாக்கம்